வேன் வருவதற்கு முன்பே போய் நிற்போம்



சேர்க்கை தொடங்கிவிட்டது. புதுக்கோட்டை மாவட்டத்தின் 13 ஒன்றியங்களிலும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளின் முகப்பில் ஃபிளக்ஸ் ஏறிவிட்டது. விலையில்லாப் பாடநூல், சீருடை, காலை உணவு, சத்துணவு என்று வரிசையாக அச்சடித்திருக்கிறோம். இன்னும் கொஞ்ச நாளில் பிள்ளைகள் கையில் அட்டையைக் கொடுத்து, தப்பு முழங்கப் பேரணியும் போவோம். போக வேண்டியதுதான். ஆனால் அந்தப் பேரணி யாரைத் தேடிப் போகிறது? ஜூலை 31க்குள் ஐந்து வயது நிரம்பும் பிள்ளையைத் தேடி. அந்தப் பிள்ளையோ இரண்டு வருடத்துக்கு முன்பே தனியார் பள்ளி வேன் ஏறிவிட்டது. எல்கேஜி, யூகேஜி முடித்து, கழுத்தில் டையும் இடுப்பில் பெல்ட்டுமாக, நம் பேரணியை வேன் சன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிறது.

மூன்று வயதுப் பிள்ளையிடம் தோற்றுவிட்டு, ஐந்து வயதுப் பிள்ளையிடம் போய் ஜெயிக்கப் பார்க்கிறோம். இந்த ஆண்டும் அப்படியே செய்தால் ஆகஸ்டில் நம் கையில் என்ன மிஞ்சும் என்பது உங்களுக்கே தெரியும்.

பள்ளிக்கூடத்தை யாரும் நேராக வந்து பூட்டுவதில்லை. முதலில் அது காலியாகிறது. ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் எத்தனை பெயர் இருக்கிறது என்று எண்ணுவார்கள். அதை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம். எண் குறைந்தால் ஒருவர் உபரி. பணி நிரவலில் வேறு ஊருக்குப் போய்விடுவார். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் குறுவள மையப் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ மருத்துவ விடுப்பிலோ போய்விட்டால், மிச்சம் இருப்பவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்துக்கொண்டு, பள்ளி விவரம் ஏற்றும் எமிஸ் செயலி சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்தபடி போனைக் கையில் வைத்திருப்பார். மதிய வேளையில் பேரனைப் பார்க்க வரும் அப்பத்தா கண்ணில் படுவது அந்தக் காட்சி. “வாத்தியார் எந்நேரமும் போனை நோண்டுறாரு” என்று அன்று சாயங்காலமே ஊருக்குள் சேதி போய்விடும். அடுத்த ஜூனில் இன்னும் இரண்டு பிள்ளை குறையும். பிள்ளை குறைந்ததால் ஆசிரியர் போகிறார். ஆசிரியர் போனதால் பிள்ளை குறைகிறது.

2019இல் ஒரு பிள்ளைகூட இல்லாத 46 அரசுப் பள்ளிகளை நூலகங்களாக மாற்றினார்கள். 2025 ஆகஸ்டில் மாணவர் சேர்க்கையே இல்லாத அரசுப் பள்ளிகள் 207 என்று செய்தி வந்தது. நூலகம் வேண்டாம் என்று நாம் ஒருபோதும் சொல்ல மாட்டோம். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுக்க இடமில்லாத ஊரில் நூலகக் கதவை யார் தள்ளித் திறப்பார்கள்?

“பிறப்பே குறைஞ்சு போச்சு தோழர், நாம என்ன செய்ய முடியும்?” என்று கேட்பவர்கள் உண்டு. பிறப்பு குறைந்தது உண்மைதான். திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பிழைக்கப் போன குடும்பங்களும் உண்மைதான். அவர்களை ஒருநாள் காலை ஏழரை மணிக்கு ஊர் முக்கில் வந்து நிற்கச் சொல்லுங்கள். எந்தெந்தப் பள்ளியின் வேன் வருகிறது, ஒவ்வொன்றிலும் எத்தனை பிள்ளை ஏறுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு பிறப்பு விகிதத்தைப் பற்றிப் பேசலாம்.

பள்ளிக்கூடம் போனால் என்னென்ன போகும் என்பதையும் ஊருக்கு நாம் சொல்லவில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது, ஓடு பறந்த வீட்டை விட்டு, தென்னை விழுந்து கிடந்த பாதையைத் தாண்டி, எங்கே போய் ஒதுங்கினோம்? பள்ளிக்கூடத்துக்குத்தான். அங்கேதான் கஞ்சி காய்ச்சினோம். வாக்குப் போடுவது அங்கே. சொட்டு மருந்து அங்கே. கண் பரிசோதனை முகாம், கிராம சபை, பெரியவர் பென்ஷனுக்கு ஆதார் திருத்தும் முகாம், எல்லாம் அந்த வேப்பமரத்தடியில்தான். ஆண்டு விழாவில் தன் பேத்தி மைக் முன்னால் நின்று நாலு வரி பேசுவதைக் கேட்கத்தான், கடலைக் கொல்லையில் களை எடுக்கப் போன அப்பத்தா அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்காருகிறார். இப்போது காலை உணவும் சேர்ந்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கி வைத்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அதை விரிவுபடுத்தினார்கள். சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள், பெரும்பாலும் அதே பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள். தங்கள் வீட்டு அடுப்பைப் பற்றவைக்கும் முன்பு ஊர்ப் பிள்ளைகளுக்கான அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். பள்ளிக்கூடம் ஊருக்குள் எவ்வளவு ஆழமாக வேர் விட்டிருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் அந்த அடுப்பைத்தான் காட்டுவேன்.

இனி, நம் கூட்டங்களில் பாதிக் குரலில் மட்டும் பேசப்படும் விஷயத்துக்கு வருகிறேன். முழுக் குரலில் சொல்லியாக வேண்டும்.

வேன் எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் வரவில்லை. முதலில் ஊர்த் தெருவுக்கு வந்தது. நிலமும் வெளிநாட்டுச் சம்பாத்தியமும் இருந்த வீட்டுப் பிள்ளைகள் ஏறினார்கள். அடுத்து அவர்களைப் பார்த்து அடுத்த தெரு ஏறியது. கடைசியில் பள்ளிக்கூடத்தில் மிச்சம் இருந்தது காலனிப் பிள்ளைகள். அப்புறம் ஊர் வாயில் ஒரு பெயர் வந்தது: “அது காலனிப் பள்ளிக்கூடம்ப்பா.” அந்தப் பெயர் விழுந்த பிறகு மிச்சமிருந்த ஊர்த் தெருக் குடும்பங்களும் கடன் வாங்கியாவது வேனுக்குப் பணம் கட்டின. ஆங்கிலத்துக்காகச் சேர்க்கிறோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பலருக்கு அது உண்மை. சிலருக்கு, பக்கத்தில் உட்காரும் பிள்ளை யார் என்பதுதான் உண்மையான கணக்கு. வேனுக்குக் கட்டும் பணத்தில் ஒரு பகுதி தீண்டாமைக்குக் கட்டும் பணம்.

கசப்பாக இருக்கிறதா? திருப்பூர் மாவட்டத்தில் 2018இல் ஒரு சத்துணவுச் சமையலர் பட்டியல் சாதிப் பெண் என்பதற்காக அவரைச் சமைக்க விடாமல் தடுத்ததை நாடே பார்த்தது. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டத்தில் காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சில பெற்றோர் தடுத்தபோது மாவட்ட ஆட்சியரே நேரில் போக வேண்டியிருந்தது. அதே மாதம் எட்டயபுரம் பக்கத்தில் உசிலம்பட்டியில் காலை உணவு தொடப்படாமல் கிடந்தது. சமைத்தவரின் சாதிதான் காரணம் என்று புகார் எழுந்து, அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த மண் எட்டயபுரம். நாம் என்ன ஒசத்தியா? வேங்கைவயல் நம் மாவட்டம். 2022 டிசம்பரில் அங்கே மலம் கலந்த குடிநீர்த் தொட்டித் தண்ணீரைக் குடித்து நோயில் விழுந்தவர்களில் குழந்தைகளும் உண்டு. நாங்குநேரியில் சக மாணவர்களே ஒரு பட்டியல் சாதி மாணவரை வெட்டிய பிறகு நீதியரசர் சந்துரு குழு 2024இல் அரசிடம் கொடுத்த அறிக்கை பள்ளி மாணவர்களிடையே சாதி எப்படி வேலை செய்கிறது என்று பேசியது. அதில் சொன்ன பலவும் பெரிய பள்ளிகளைப் பற்றியது. ஆனால் பிரிவினை தொடங்குவது தொடக்கப் பள்ளிக்கும் முன்னால், எந்த வேன் எந்தத் தெருவில் நிற்கிறது என்பதில்.

எல்லாத் தெருப் பிள்ளையும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடும் இடம் நம் ஊர்களில் வேறு எது இருக்கிறது, சொல்லுங்கள். கோயில் திருவிழாவிலா? தேநீர்க் கடையிலா? அந்த ஒரு பந்தியும் கலைகிறது. ஆசிரியர் பணியிடம் போகும் பிரச்சினையாக மட்டும் இதைப் பார்க்காதீர்கள்.

இதற்காக வேனில் ஏற்றும் எல்லாத் தாயையும் திட்டிக்கொண்டு திரிய முடியாது. அவர் சொல்லும் காரணங்களைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறோமா? “காலையில எட்டு மணிக்கு வேலைக்குப் போவணும் சார். மூணு வயசுப் பிள்ளைய யாரு பாத்துக்குவா? வேன்ல ஏத்தி விட்டா நாலு மணிக்குக் கொண்டாந்து விட்ருவான்.” இது ஒரு தாய் சொன்னதுதான், எல்லா ஊரிலும் இதே பதில் கிடைக்கும். ஒரே டீச்சர், அஞ்சு வகுப்பு, பிள்ளைக்கு என்ன வரும் என்று கேட்பார். பழுதான கட்டடத்தை இடித்துவிட்டார்கள், பிள்ளைகள் சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பார். அதுவும் உண்மை. 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுக்கப் பழுதடைந்த கட்டடங்களை வேகமாக இடித்தார்கள். இடித்த வேகத்தில் எல்லா இடத்திலும் கட்டவில்லை. அறை இல்லாத பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பச் சொல்லி வாசலில் போய் நின்றால், தாய் நம்மைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்.

ஒரே அறையில் பல வகுப்பு என்பதைக் கேவலமாகப் பேசுவோருக்கு மட்டும் ஒரு வார்த்தை. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பிள்ளை எங்கே இருக்கிறதோ அங்கிருந்து சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஆசிரியர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். பிள்ளைகள் குறைவாக இருக்கும் அறையில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் வீடும் உடம்பும் ஆசிரியருக்குத் தெரியும். வேன் போய்ச் சேரும் இடத்தில் நாற்பது பிள்ளைக்கு நடுவில், சொற்பச் சம்பளத்துக்கு நிற்கும் ஒரு பெண்ணுக்கு அது வாய்க்காது. பாவம், அவரும் நம் ஊர்ப் பெண்தான். அவருடைய சம்பளத்துக்காகவும் ஒருநாள் நாம் பேச வேண்டியிருக்கும்.

சரி, மூன்று வயதுக்கு அரசு என்ன வைத்திருக்கிறது? அங்கன்வாடி. முட்டையும் சத்துமாவும் கர்ப்பிணிப் பதிவேடும் தடுப்பூசிக் கணக்கும் எடை போடும் வேலையும் தேர்தல் வேலையும் சுமந்துகொண்டு ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். நடுவில் பாட்டும் கதையும். சுவரை ஒட்டிப் பள்ளிக்கூடம் இருக்கும். ஆனால் அங்கன்வாடி ஒரு துறை, பள்ளி வேறொரு துறை. அங்கன்வாடியில் எந்தப் பிள்ளைக்கு இந்த ஆண்டு ஐந்து வயது என்பது தலைமையாசிரியருக்குச் சில இடங்களில் ஜூன் மாதம்தான் தெரிகிறது. 2019 சனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யூகேஜி தொடங்கினார்கள். நல்ல தொடக்கம். ஆனால் தொடக்கப் பள்ளிகளுக்கு அது வரவில்லை. அங்கேயும் முதலில் உபரி ஆசிரியர்களை அனுப்பினார்கள், 2022இல் அவர்களைத் திரும்ப அழைத்தார்கள், வகுப்பையே நிறுத்தப் போவதாகப் பேச்சு வந்தது, எதிர்ப்பு வந்ததும் தற்காலிக ஆசிரியர்களை மதிப்பூதியத்தில் வைத்துத் தொடர்ந்தார்கள். நிரந்தரமான ஒரு மழலையர் ஆசிரியர் பணியிடம் என்பது இன்றுவரை நம் தொடக்கப் பள்ளிகளில் இல்லை.

இதன் மறுபக்கத்தைப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(இ) பிரிவுப்படி தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடம் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு. கட்டணத்தை அரசு கட்டுகிறது. தமிழ்நாட்டில் அந்தச் சேர்க்கை எல்கேஜியிலேயே தொடங்குகிறது. ஆக, நம் தெருவில் இருக்கும் மூன்று வயதுப் பிள்ளை தனியார் பள்ளியில் எல்கேஜி படிக்க அரசிடம் வழி இருக்கிறது. அதே பிள்ளை தன் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் அரசுத் தொடக்கப் பள்ளியில் எல்கேஜி படிக்க வழி இல்லை! அந்த ஒதுக்கீட்டில் பிள்ளையைச் சேர்த்த எந்த ஏழைத் தாயையும் நான் குறை சொல்ல மாட்டேன். கிடைத்த கதவில் நுழைந்திருக்கிறார். நம் பள்ளியில் அந்தக் கதவை ஏன் இன்னும் வைக்கவில்லை என்று கேட்க வேண்டியவர்கள் நாம்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். ஒன்றிய அரசு மும்மொழிக் கொள்கையையும் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தையும் காரணம் காட்டி 2024-25க்கான சமக்ர சிக்‌ஷா நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. அதற்கு எதிராக வீதியில் நின்றோம், நிற்போம். ஆனால் தில்லி தராததைச் சொல்லிச் சென்னை தப்பித்துக்கொள்ளவும் விடக் கூடாது. மழலையர் வகுப்புக்கான கோரிக்கை கோட்டையிடம் வைக்க வேண்டிய கோரிக்கை.

இன்னொரு கணக்கும் சலுகைகளின் கூட்டுத்தொகையில் ஒளிந்திருக்கிறது. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வேண்டுமானால் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் கல்லூரியில் கிடைக்கும் மாதம் 1,000 ரூபாயும் 6ஆம் வகுப்பிலிருந்து பார்த்துத்தான். பெற்றோர் கெட்டிக்காரர்கள். ஐந்து வரை வேன், ஆறில் அரசுப் பள்ளி என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு நிரம்புகிறது, நம் ஒன்றாம் வகுப்பு காய்கிறது. தொடக்கப் பள்ளியைத் தாங்கும் சலுகை ஒன்றே ஒன்று இருக்கிறது: தமிழ்வழியில் படித்தோருக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை. 2010இல் வந்தது. பட்டப் படிப்பு மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியாக இருக்க வேண்டும் என்று 2020இல் சட்டத்தைத் திருத்தினார்கள். தேர்வாணையம் ஒன்றாம் வகுப்பிலிருந்தே சான்று கேட்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் இது மனப்பாடம். மூன்று வயதுப் பிள்ளையின் தாய்க்கு யாரும் சொல்லவில்லை. இங்கிலீஷ் மீடியத்தில் போட்டுவிட்டு இருபது வருடம் கழித்து அந்தச் சான்றிதழுக்கு அலைவார்கள்.

தோழர்களே, இப்போது நம்மைப் பற்றி.

சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடுகிறோம். 2009 சூன் 1க்கு முன் சேர்ந்தவருக்கும் பின் சேர்ந்தவருக்கும் ஒரே வேலை, இரண்டு சம்பளம் என்பது அநீதிதான். மாநில அளவிலான பணிமூப்பைக் கொண்டுவந்த அரசாணை 243ஐ எதிர்த்தோம். தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கிய 2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின், இருபது வருடம் பாடம் நடத்தியவரெல்லாம் அதை நினைத்துத் தூக்கம் இழந்து கிடக்கிறார்கள். எல்லாம் நியாயமான போராட்டம். ஒன்றையும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் நம் கோரிக்கைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மழலையர் வகுப்பு எத்தனையாவது வரியில் இருக்கிறது? இருக்கிறதா? நாம் ஆர்ப்பாட்டத்தில் நிற்கும்போது பக்கத்தில் ஒரு தாய் வந்து நிற்பதில்லையே, அது ஏன் என்று கேட்டிருக்கிறோமா?

அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது. நம் சொந்தப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசுச் சம்பளம் வாங்குவோரின் பிள்ளைகள் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் படிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னபோது இங்கே மேடை போட்டுப் பாராட்டினோம். தீர்ப்பு உத்தரப் பிரதேசத்துக்கு என்பதால் பாராட்டுவது சுலபமாக இருந்தது. புதுக்கோட்டை டவுனில் குடியிருந்துகொண்டு, பிள்ளையை அங்கே மெட்ரிகுலேசனில் விட்டுவிட்டு, வண்டியில் கிராமத்துக்கு வந்து “உங்க பிள்ளைய எங்ககிட்ட சேருங்க” என்று கேட்டால், அந்தத் தாய் வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார், மனசுக்குள் சிரிப்பார். யாரையும் நிர்ப்பந்திக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. ஆனால் இந்த ஆண்டு தங்கள் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்கும் தோழர்கள்தான் ஒவ்வொரு தெருவிலும் முதலில் பேச வேண்டும். மற்றவர்கள் அவர்களுக்குப் பின்னால் நின்று நோட்டீஸ் கொடுக்கட்டும்.

செய்ய முடியாத வேலையா இது? 1991இல் இதே மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடத்தினோம். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். தெருவிளக்கு வெளிச்சத்தில் ஆத்தாக்களும் அப்பத்தாக்களும் கையெழுத்துப் போடப் படித்தார்கள். கல்குவாரிப் பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அன்று யாரும் ஃபிளக்ஸ் வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் போய் உட்கார்ந்தோம். அன்றைய தொண்டர்களில் பலர் இன்று ஓய்வூதியம் வாங்குகிறார்கள்; முட்டி வலி இருக்கிறது, குரல் போகவில்லை. நீங்கள் திரும்ப வாருங்கள். இளைய தோழர்களுக்குத் திண்ணையில் உட்காரத் தெரியவில்லை. வாட்ஸப்பில் போட்டோ போடத் தெரிகிறது. கற்றுக்கொடுங்கள்.

ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கத்து ஆட்களுக்கு மொய் விருந்தைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் பந்தல் போட்டு, கிடா விருந்து வைத்து, வந்த மொய்யை நோட்டில் எழுதி, வாங்கியதைத் திருப்பிச் செய்யாதவன் ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்க முடியாத மண் இது. இந்தப் பள்ளிக்கூடம் நம் எல்லோருக்கும் மொய் எழுதியிருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவருக்கும், சென்னையில் கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கும், காவல் துறையில் இருப்பவருக்கும் அ, ஆவன்னா போட்டுக்கொடுத்தது. திருப்பிச் செய்யும் முறை இப்போது வந்திருக்கிறது. முன்னாள் மாணவர்களே, உங்களையும்தான் சொல்கிறேன்.

பல ஊர்களில் கல்விச் சீர் கொண்டுபோகிறார்கள். தாம்பாளத்தில் நோட்டும் பேனாவும், தள்ளுவண்டியில் பீரோவும் நாற்காலியும், முன்னால் மேளம். அழகான காட்சி, ஊர் கூடுகிறது. 1950களின் கடைசியில் அன்றைய கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் நிலமும் பெஞ்சும் கடிகாரமும் கொடுத்த மரபின் தொடர்ச்சிதான் இது. வைத்துக்கொள்வோம். ஆனால் சீரில் ஆசிரியர் வர மாட்டார். பீரோ வந்த பள்ளியில் பணியிடம் காலியாகவே இருந்தால் அந்தப் பீரோவுக்குள் எதை வைத்துப் பூட்டுவது? இந்த ஆண்டு சீர் கொண்டுபோகும் ஊர்கள் தாம்பாளத்தோடு ஒரு மனுவையும் வையுங்கள். வட்டாரக் கல்வி அலுவலர் பெயருக்கு, ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்ட மனு.

பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். உறுப்பினர்களில் பாதி பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதும் அதிகாரத்தை 22ஆம் பிரிவு அந்தக் குழுவுக்குத்தான் கொடுத்திருக்கிறது. நடைமுறையில் பல இடங்களில் தீர்மானத்தை ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார், டீயும் பிஸ்கட்டும் வருகிறது, அக்காக்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் களை எடுக்கப் போய்விடுகிறார்கள். மாதர் சங்கத் தோழர்களே, இது உங்கள் களம். குழுவில் இருக்கும் ஒவ்வொரு தாயிடமும் உட்கார்ந்து, “அக்கா, அந்த நோட்டு உங்க நோட்டு, நீங்க சொல்றதத்தான் எழுதணும்” என்று சொல்லுங்கள். அங்கன்வாடிச் சங்கத் தோழர்களே, உங்கள் பதிவேட்டில் இருக்கும் மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஆசிரியரோடு சேர்ந்து நீங்களும் வாருங்கள். அந்தத் தாய்க்கு உங்களைத் தெரியும். அவர் வயிற்றில் பிள்ளை இருந்த நாளிலிருந்து எடை போட்டவர் நீங்கள்.

மே 1 வரைக்கும் நேரம் இருக்கிறது. அதற்குள் கிளைக்கு ஒரு பள்ளி என்று பிரித்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரம். மூன்று பேராகப் போங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், ஒருவர் வேறு தெருக்காரராக இருக்கட்டும். ஊர்த் தெருத் தோழர் காலனிக்கும் காலனித் தோழர் ஊர்த் தெருவுக்கும் போக வேண்டும். மற்ற எதில் தவறினாலும் இதில் தவறாதீர்கள். ஊர்த் தெருவில் பேசக் கூச்சப்படும் தோழர் யாராவது இருந்தால், அவர் முதலில் தன் வீட்டிலிருந்தே தொடங்கட்டும். மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுவரை உள்ள பிள்ளைகளின் பட்டியல் ஒன்று, தெருவாரியாக, தாயின் கைபேசி எண்ணோடு. வேனுக்கு இன்னும் முன்பணம் கட்டாத வீடு எது என்று தனியாகக் குறியுங்கள். முதலில் அங்கே போங்கள். ஆசிரியர் குறையோ கட்டடக் குறையோ கழிப்பறைக் குறையோ தாய் சொன்னால் மறுத்துப் பேசாதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் நம் மனு.

மே நாள் அன்று கொடி ஏற்றுவோம், இனிப்புக் கொடுப்போம். அன்றே கிராம சபையும் இருக்கிறது. ஊராட்சித் தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் சபை கூடியாக வேண்டும். கொடிக் கம்பத்தடியிலிருந்து நேராகச் சபைக்குப் போங்கள், பட்டியலோடும் பெண்களோடும். “எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வரும் சூன் முதல் எல்கேஜி, யூகேஜி வகுப்புகளை நிரந்தர ஆசிரியர் பணியிடத்தோடு தொடங்க வேண்டும், காலியான ஆசிரியர் பணியிடத்தை ஆகஸ்ட் 1க்கு முன் நிரப்ப வேண்டும்” என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். எழுதிக்கொள்கிறோம், அனுப்பி வைக்கிறோம் என்று வாய்மொழியாகச் சொல்வார்கள். கேட்டுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறி, எண் போட்டு, வாசித்துக் காட்டி, எல்லோரும் கையெழுத்துப் போடும்வரை யாரும் இடத்தை விட்டு எழுந்திருக்க வேண்டாம். நகலை அன்று மாலையே மாவட்டக் குழு அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். 13 ஒன்றியங்களின் நகல்களையும் ஒன்றாகக் கட்டி, மறுநாள் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறோம்.